இடிப்பதற்கு முன் கேளுங்கள்

(நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வீட்டைப் பற்றிப் பேசுகிறோம். பழைய வீட்டைப் பழுது பார்ப்பது, கூட்டிக் கட்டுவது, இடித்துக் கட்டுவது, அதற்கு வாங்க வேண்டிய அனுமதி ஆகியவைதான் இன்றைய பேச்சு. இதைப் பேசுவதற்குக் காரணம், நாங்கள் செய்த ஒரு தவறு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

நம் ஜமாஅத்துப் பெண் ஒருவரை வேறு மாவட்டத்தில், பழைய கோட்டை உள்ள ஓர் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவர் வஃபாத்தாகிவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். குடியிருப்பது மாமனார் காலத்து ஓட்டு வீடு. பின்பக்கம் இரண்டு அறைகளில் கைமரம் உளுத்து, மழைக்கு ஒழுகியது. தாய்வீட்டு ஜமாஅத் என்ற உரிமையோடு நம்மிடம் உதவி கேட்டார். நாங்கள் விசாரித்தோம். வறுமை உண்மை, வீடு ஒழுகுவதும் உண்மை. சதகா நிதியிலிருந்து பணம் அனுப்பினோம். வீடு எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

மேஸ்திரி வந்து பார்த்தார். “பழைய சுவரை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும், இடித்துவிட்டுப் புதிதாகத் தூக்கிவிடலாம்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஒரே நாளில் பின்பக்கத்து இரண்டு அறைகளும் தரைமட்டமாயின. வாணம் தோண்டி, கம்பி கட்டிய நேரத்தில் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அந்த வீடு, பாதுகாக்கப்பட்ட கோட்டையின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சட்டத்தைப் படித்தோம். வக்கீலிடம் கேட்டோம். அப்போது தெரிந்துகொண்ட விஷயம்தான் இன்றைய உரையின் சாரம். அந்த அறைகள் நின்றுகொண்டிருந்தவரை, அவற்றைப் பழுது பார்க்க அனுமதி கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருந்தது. இடித்த நாளில் அந்த உரிமை போய்விட்டது.

100 மீட்டர், 200 மீட்டர்

மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச் சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2010-ல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். அதன்படி, சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசைகளிலும் 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஆக மொத்தம் 300 மீட்டர் வரை கேட்டுத்தான் செய்ய வேண்டும். கோபுரத்திலிருந்தோ கோட்டை வாசலிலிருந்தோ அளப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட எல்லை முடியும் இடத்திலிருந்து அளக்கிறார்கள். “கோட்டை தூரத்தில்தானே இருக்கிறது” என்று கண்ணால் பார்த்து முடிவு செய்பவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டுவதற்கும் அனுமதி கிடையாது. ஆனால் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். அந்த வீடு 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது அதற்குப் பின் தொல்லியல் துறைத் தலைமையின் ஒப்புதலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டின் உரிமையாளர் தகுதி பெற்ற அதிகாரியிடம் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். அடுத்த 200 மீட்டர் பகுதியில் புதுக் கட்டடம், திரும்பக் கட்டுதல், பழுதுபார்ப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்த பிறகே செய்ய வேண்டும்.

அனுமதி இல்லாமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது.

விண்ணப்பம் எவ்வளவு நாள் எடுக்கும்? அதிகாரி 15 நாட்களுக்குள் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதங்களுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். சட்டத்தில் எழுதியிருப்பதே ஏறக்குறைய மூன்றரை மாதம். ஐப்பசி அடைமழைக்கு முன் கூரையைச் சரி செய்ய நினைப்பவர் புரட்டாசியில் ஓடக் கூடாது. சித்திரை, வைகாசியிலேயே மனுக் கொடுக்க வேண்டும்.

தகரப் பெட்டியில் இருந்த சாட்சி

1992-க்கு முன்பே வீடு இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? பத்திரம், பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை போன்றவைதான். அந்தப் பெண்ணின் மாமியார் ஒரு தகரப் பெட்டியில் நாற்பது வருட வீட்டு வரி ரசீதுகளை அடுக்கி வைத்திருந்தார். அதோடு அவர் மகனுடைய நிக்காஹ் அன்று திண்ணையில் எடுத்த புகைப்படமும் இருந்தது. வீட்டின் முகப்பு, ஓட்டுச் சரிவு, தூண் எல்லாம் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

எல்லா ஆதாரமும் கையில் இருந்தது. வீட்டில்தான் பாதி இல்லை. நின்ற முன்பாதிக்கு, அதாவது திண்ணைக்கும் பட்டாசலுக்கும், பழுதுபார்க்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம். பல மாதம் அலைந்த பிறகு அல்லாஹ்வின் கிருபையால் கிடைத்தது. கைமரம் மாற்றி, ஓடு மாற்றி அந்தப் பகுதியைச் சரி செய்து கொடுத்தோம். பின்பக்கம் வெறும் முற்றமாகக் கிடக்கிறது. தாயும் இரண்டு மக்களும் பட்டாசலில் ஒரு மறைப்புக் கட்டிக் குடியிருக்கிறார்கள். ஒரு கேள்வி கேட்காமல் பணம் அனுப்பியதற்கு அவர்கள் கொடுத்த விலை இது. உதவி செய்தோம் என்ற பெயரில் இரண்டு அறைகளை அவர்கள் இழக்க நாங்களும் காரணமாகிவிட்டோம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

அனுமதிக் காலத்தில் இன்னொன்றும் கற்றோம். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. அதன் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் பொரிந்து உதிரும். அதற்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் பொருத்தம். சிமென்ட் ஆலை உள்ள ஆலங்குளத்தில் நின்றுகொண்டு சுண்ணாம்பைப் புகழ்கிறோமே என்று நினைக்க வேண்டாம். அந்த ஆலைக்கும் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல்தான்! புதுச் சுவருக்குச் சிமென்ட், பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு. எல்லாக் கொத்தனாருக்கும் இந்த வேலை கை வராது. பழகியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் நமக்கு எதிரானதா?

“நம் சொந்த வீட்டில் நாம் ஒரு சுவர் எழுப்ப யாரைக் கேட்க வேண்டும்?” என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நமக்கும் புரிகிறது. மாமல்லபுரம் போன்ற ஊர்களில் எல்லாச் சமயத்து மக்களும் இந்த எல்லைக்குள் சிரமப்படுகிறார்கள். குடும்பம் பெருகுகிறது, வீடு பெருக முடிவதில்லை. அந்த மக்களின் குறை நியாயமானது. சட்டப்படியான வழியில் அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டம் எதையெல்லாம் காக்கிறது என்பதையும் பாருங்கள். தாஜ்மஹாலைக் காப்பதும் இதே சட்டம்தான். நம் மாநிலத்தில் செஞ்சிக் கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கிறது. அந்தக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம் முன்னோர் கட்டியதைச் சுற்றி யாரும் நினைத்தபடி கட்டடம் எழுப்பக் கூடாது என்று நாம் விரும்பினால், மற்றவர்களின் முன்னோர் கட்டியதற்கும் அதே மரியாதையை நாம் கொடுக்க வேண்டும்.

கடல் கடந்து ஓர் ஊரைப் பார்ப்போம். இலங்கையின் காலிக் கோட்டை. ஒல்லாந்தர் கட்டிய மதிலுக்குள்ளே வீடுகள், தெருக்கள், பள்ளிவாசல் என ஒரு முழு ஊரே இருக்கிறது. கலங்கரை விளக்கத்தின் எதிரில் மீரான் ஜும்ஆப் பள்ளி. தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் வாழும் இடம். 1988-ல் அது உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் வீட்டு முகப்பு, கூரை, உயரம் எதையும் நினைத்தபடி மாற்ற முடியாது. தொல்லியல் திணைக்களம் உட்பட உரிய இடங்களில் அனுமதி வாங்க வேண்டும்.

அங்கே இரண்டு விதமாக நடந்தது. நெதர்லாந்து அரசின் உதவியோடு பல தனியார் வீடுகள் பழைய அமைப்பு மாறாமல் சீரமைக்கப்பட்டன. இன்னொரு பக்கம், சுற்றுலா பெருகி வீட்டு விலை ஏறியபோது பல குடும்பங்கள் விற்றுவிட்டு வெளியேறின. அந்த வீடுகள் இன்று தங்கும் விடுதிகளாகவும் கடைகளாகவும் இருக்கின்றன. விற்பது அவரவர் உரிமை, குறை சொல்ல மாட்டோம். ஆனால் விதியைத் தெரிந்துகொள்ளாமல், “இதில் ஒன்றும் செய்ய முடியாது” என்று மனம் சோர்ந்து பூர்வீக வீட்டைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது கவலைக்குரியது. என்ன செய்யக் கூடாது என்று சொல்லும் அதே சட்டத்தில் என்ன செய்யலாம் என்பதும் எழுதியிருக்கிறது. அதையும் படிக்க வேண்டும்.

நம் ஊருக்கு இது எதற்கு?

“ஆலங்குளத்தில் கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை” என்று கேட்பீர்கள். முதலாவதாக, நம் பிள்ளைகளை எந்தெந்த ஊரிலோ கட்டிக் கொடுத்திருக்கிறோம். வேலைக்குப் போன இடத்தில் வீடு வாங்குகிறோம்.

இரண்டாவதாக, நம் பக்கத்து வெம்பக்கோட்டையைப் பாருங்கள். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள் என ஏராளமாகக் கிடைத்தன. இந்த மண்ணுக்கு அடியில் பழைய ஊர் இருக்கிறது என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் தனியாக இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தின் அருகே மனை வாங்குகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

வாணம் தோண்டும்போது பழங்காசோ நகையோ பானையில் பொருளோ கிடைத்தால் என்ன செய்வது? 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. கிடைத்த பொருள் நம் கையில் அமானிதம். அதை ஆசாரியிடம் கொண்டுபோய் உருக்குவது முஸ்லிமின் குணம் அல்ல.

மூன்றாவதாக, நம் பகுதிக்கே உரிய ஒன்று. பட்டாசு ஆலைக்கும் வெடிமருந்துக் கிடங்குக்கும் குடியிருப்புக்கும் நடுவில் பாதுகாப்பு இடைவெளி வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. மனை மலிவாகக் கிடைக்கிறது என்று கிடங்கின் அருகே வீடு கட்டிப் பிள்ளை குட்டிகளோடு குடியேற வேண்டாம். கோட்டை அருகே விதியை மீறினால் வீடு போகும். இங்கே உயிரே போகும். இதை நம் பகுதி மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சாதாரண அனுமதி

தொல்லியல் எல்லைக்குள் வராத வீடு என்றாலும் கட்டட அனுமதி வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொது. வெள்ளையடிப்பது, வர்ணம் பூசுவது, பூச்சு வேலை, தரை மாற்றுவது, ஓடு மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை. புதிதாக அறை எடுப்பது, மாடி எழுப்புவது, இடித்துக் கட்டுவது ஆகியவற்றுக்குத் தேவை.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரையும் முதல் மாடியுமாக வீடு கட்டுபவர், ஒற்றைச் சாளர இணையதளத்தில் விவரத்தைப் பதிந்து கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி பெறலாம். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் பெயரைக் கவனியுங்கள். சான்று சொல்வது நாம்தான். தவறான அளவைக் கொடுத்து, இல்லாத பாதையை இருப்பதாகக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சாட்சி. பின்னால் வரும் பொறுப்பும் நம்முடையது. தொல்லியல் எல்லைக்குள் உள்ள வீட்டுக்குத் தொல்லியல் அனுமதி தனியாக வேண்டும். சுயசான்று அதற்கு மாற்று ஆகாது.

எந்த அனுமதிக்கும் முதல் கேள்வி, வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது. நம்மில் பல வீடுகள் இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கின்றன. அத்தா மவுத்தாகி இருபது வருடம் ஆகியும் பட்டா மாறவில்லை. வீட்டில் குடியிருக்கும் அண்ணன் தன் வீடு என்று நினைத்து இடிக்கிறார். அதில் தாயாருக்கு எட்டில் ஒரு பங்கு இருக்கிறது. மகனுக்குக் கிடைப்பதில் பாதி ஒவ்வொரு மகளுக்கும் இருக்கிறது. அல்லாஹ் நிர்ணயித்த பங்கு அது. கட்டிக் கொடுத்துவிட்டோம், சீர் செய்துவிட்டோம் என்பதால் அது அழியாது. சகோதரி விருப்பத்தோடு விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். விட்டுக்கொடுக்கவில்லை என்றால் பங்கைக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கும்படி திருக்குர்ஆன் 2:282-ஆவது வசனத்தில் கட்டளை வந்திருக்கிறது. வீட்டை வாய்வார்த்தையில் விடலாமா?

அண்டை வீட்டாரையும் மறக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் நம் சுவரில் ஒரு மரத்தைப் பதிக்க விரும்பினால் தடுக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அந்த அளவுக்கு இணக்கம் காட்டச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, நம் வீட்டுக் கூரைத் தண்ணீரை அவர் வாசலில் விழ வைக்கலாமா? விதியில் சொல்லும் பக்க இடைவெளி இந்த ஹக்கைத்தான் காக்கிறது.

இனி அறக்கட்டளை என்ன செய்யும்?

நடந்த தவறிலிருந்து நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி வீட்டுப் பழுதுபார்ப்பு உதவி கேட்டு வரும் எவரிடமும் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்போம்.

ஒன்று, வீடு யார் பெயரில் இருக்கிறது? வாரிசுகள் எல்லோரும் சம்மதமா?

இரண்டு, வீட்டைச் சுற்றி 300 மீட்டருக்குள் பாதுகாக்கப்பட்ட சின்னம் இருக்கிறதா? பட்டாசு ஆலையோ கிடங்கோ அருகில் இருக்கிறதா?

மூன்று, செய்யப்போவது பழுதுபார்ப்பா, இடித்துக் கட்டுவதா? இடிப்பது என்றால் அனுமதி எங்கே?

ஒழுகும் வீட்டில் இருப்பவரிடம் கேள்வி கேட்டு நாளைக் கடத்துகிறார்கள் என்று எங்கள் மேல் வருத்தப்பட வேண்டாம். பதில் கிடைக்கும்வரை தார்ப்பாய் வாங்கிக் கட்டித் தருவோம், தேவைப்பட்டால் வாடகைக்கு உதவுவோம். மனு எழுதவும், இணையத்தில் பதியவும், பழைய ரசீதுகளை நகல் எடுக்கவும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் நம் இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம் இல்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி, பத்திரம், வரி ரசீது, பட்டா எல்லாவற்றையும் எடுத்து ஒரு உறையில் போடுங்கள். வீட்டை முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து வையுங்கள். கட்டிக் கொடுத்த பெண் பிள்ளைகளுக்குப் போன் செய்து, “உங்கள் வீட்டுப் பக்கம் தொல்லியல் துறைப் பலகை ஏதும் இருக்கிறதா?” என்று கேளுங்கள். மேஸ்திரி கடப்பாரையைத் தூக்கிய பிறகு கேட்டுப் பயன் இல்லை.

நம் இல்லங்களை நிம்மதி தரும் இடங்களாக அல்லாஹ் ஆக்குவானாக. பிறர் ஹக்கைப் பறிக்காமல் கட்டவும், கட்டியதில் ஒற்றுமையாக வாழவும் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. அந்தச் சகோதரிக்கும் அவருடைய மக்களுக்கும் விசாலமான ஓர் இடத்தை அவன் அருள்வானாக. ஆமீன்.